‘யீ’ அல்ல, ‘தி’: பழைய ஆங்கில ஆவணங்களில் வரும் ஒய்-இ எழுத்துக்கூட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புனித ஜார்ஜ் கோட்டையின் பழைய பதிவேடுகளைப் படிக்க ஆசைப்பட்டு முதல் பக்கத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒய் என்ற எழுத்தும் இ என்ற எழுத்தும் சேர்ந்த ஒரு சின்னச் சொல் வரிக்கு வரி வருகிறது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. பழைய ஆங்கில வேதாகமம் படித்தவர்களுக்கு ‘யீ’ என்ற சொல் நினைவுக்கு வரும். அதற்கு ‘நீங்கள்’ என்று பொருள். அந்தப் பொருளை இங்கே பொருத்திப் பார்த்தால் ‘நீங்கள் கவர்னர்’, ‘நீங்கள் கோட்டை’, ‘நீங்கள் கப்பல்’ என்று வாக்கியம் சிதறிப்போகும்.

பதிவேட்டில் இருப்பது ‘நீங்கள்’ அல்ல. அது டி-எச்-இ என்று இன்று எழுதுகிறோமே, அந்த ‘தி’. எழுதியவர் அதை ‘தி’ என்றுதான் சொன்னார், ‘தி’ என்றுதான் நினைத்து எழுதினார். ‘யீ’ என்று ஒலித்தது பின்னால் வந்த நம்முடைய வாய். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் 16, 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துகளில் பாதிக் கடுமை விலகிவிடும். மீதிப் பாதிக்குப் பழக்கம் வேண்டும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒரு சிறு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைக் குறிக்க வேண்டிய இடங்களில் அவற்றின் பெயர்களை இடைக்கோடு போட்டு எழுதுகிறேன்: ஒய்-இ, ஒய்-டி, டி-எச்-இ. ஒலியைக் குறிக்கும்போது மேற்கோள் குறிக்குள் ‘தி’, ‘தட்’ என்று தருகிறேன். ஒரு தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளை நீங்களே எழுதிப் பார்த்தபடி படிப்பது நல்லது.

முதல் படி: முள் என்ற எழுத்தை அறிந்துகொள்ளுங்கள்

இன்றைய ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஆங்கிலத்தில் இன்று இல்லாத வேறு சிலவும் இருந்தன. இலத்தீன் எழுத்துகளைக் கடன் வாங்கிய ஆங்கிலேயர்களுக்கு, இலத்தீனில் இல்லாத தங்கள் ஒலி ஒன்றை எழுத வழியில்லாமல் இருந்தது. நாக்கு நுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் காற்று உரசி வரும் ஒலி அது. இன்று டி-எச் என்ற இரண்டு எழுத்துகளால் எழுதப்படுவது. நாம் தமிழில் அதைத் தகர வரிசையால் எழுதிச் சமாளிக்கிறோம்.

இந்த ஒலிக்காக அவர்கள் தங்கள் பழைய ரூன் எழுத்து வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் ‘தோர்ன்’. பொருள் முள். பெயருக்கு ஏற்றபடி அது ஒரு முள் போலவே இருக்கும்: நிமிர்ந்த ஒரு கோடு, அதன் நடுவில் வலப்பக்கம் புடைத்த ஒரு வயிறு. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘பஸ்’ என்பதன் முதலெழுத்தையும் ‘பேப்பர்’ என்பதன் முதலெழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கோடு மேலேயும் நீளும், கீழேயும் நீளும், நடுவில் வயிறு ஒன்றாகும். அந்த உருவம்தான் முள். தாளில் இப்போதே ஒருமுறை எழுதிப் பாருங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே ஒலிக்கு ‘எத்’ என்ற இன்னோர் எழுத்தும் இருந்தது. அது 1300ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்திலிருந்து மறைந்துவிட்டது. முள் மட்டும் மேலும் சில தலைமுறைகள் தாக்குப்பிடித்தது. ஐஸ்லாந்து மொழியில் இந்த இரண்டு எழுத்துகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன; அங்கே பள்ளிக் குழந்தைகள் அவற்றை எழுதிப் பழகுகிறார்கள்.

இரண்டாம் படி: முள் எப்படி ஒய் ஆனது என்று புரிந்துகொள்ளுங்கள்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சும் இலத்தீனும் பழகிய எழுத்தர்களின் கை ஓங்கியது. டி-எச் என்ற இரட்டை எழுத்து மெல்ல மெல்ல இடம்பிடித்தது. ஆனால் அடிக்கடி வரும் சின்னச் சொற்களில், அதாவது ‘தி’, ‘தட்’ போன்றவற்றில், முள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதும் சொல்லில் கை பழகிய சுருக்கத்தை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

இதற்கிடையில் எழுத்தின் உருவம் தேய்ந்தது. வேகமாக எழுதும்போது முள்ளின் மேல்நீட்டம் குறுகியது. வயிறு மேற்பக்கம் திறந்துகொண்டது. திறந்த வயிறும் கீழே இழுபடும் வாலும் சேர்ந்தால் என்ன வரும்? ஒய். குறிப்பாக வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளில் முள்ளும் ஒய்யும் ஒரே உருவம் ஆகிவிட்டன. குழப்பம் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. சில எழுத்தர்கள் உண்மையான ஒய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்து, ‘இது ஒய், முள் அல்ல’ என்று காட்டினார்கள்.

இதை வாசிக்கும் தமிழருக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வராமல் இருக்காது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ரகரத்துக்கும் கால் என்ற துணையெழுத்துக்கும் வேறுபாடு தெரியாது. நம் பதிப்பாசிரியர்கள் சூழலை வைத்தே எது எதுவென்று தீர்மானித்தார்கள். ஆங்கில எழுத்தரின் ஒய்-இ அதே வகைச் சிக்கல். சுவடி படிக்கும் மரபு நமக்கு உண்டு என்பதால், இந்தக் கலையை அந்நியமாக நினைக்க வேண்டியதே இல்லை.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் முள் கிடையாது. அச்சுக் கோப்பவர்கள் பெரும்பாலும் டி-எச் போட்டுக்கொண்டார்கள். இடம் நெருக்கும்போது மட்டும், கையெழுத்தில் ஏற்கெனவே முள்ளைப் போலத் தோன்றிய ஒய்யை எடுத்து அதன் தலைமேல் ஒரு சின்ன இ-யை ஏற்றினார்கள். ‘அச்சகத்தார்தான் முள்ளை ஒய் ஆக்கினார்கள்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது முழு உண்மை அல்ல. கையெழுத்தில் அந்த மாற்றம் அச்சு வருவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் முன்பே நடந்துவிட்டது. அச்சு அதை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

ஸ்காட்லாந்தில் இதேபோல இன்னோர் எழுத்துக்கும் நேர்ந்தது. ‘யோக்’ என்ற பழைய எழுத்து, உருவ ஒற்றுமையால் இசட் ஆக அச்சானது. ‘மென்சீஸ்’ என்று எழுத்தில் தெரியும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரை ஊர்க்காரர்கள் ‘மிங்கிஸ்’ என்று சொல்வது அதனால்தான். எழுத்தின் உருவம் ஏமாற்றியது, வாய் ஏமாறவில்லை.

மூன்றாம் படி: இரண்டு ஒய்-இக்களைப் பிரித்தறியுங்கள்

இதுதான் மையமான படி. பழைய ஆங்கிலத்தில் ஒய்-இ என்ற எழுத்துக்கூட்டு இரண்டு வேறு சொற்களைக் குறிக்கும். ஒன்று, நாம் பார்த்த ‘தி’. மற்றொன்று உண்மையான ‘யீ’. முன்னிலைப் பன்மை எழுவாய், நம் இலக்கியத்தில் வரும் ‘நீவிர்’ போன்றது. இரண்டாவதில் ஒய் என்பது ஒய்யேதான், முள் அல்ல. உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே உடை உடுத்திக்கொண்டு நிற்கின்றன.

முதலில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். ‘தி’ என்ற சுருக்கத்தில் இ பெரும்பாலும் ஒய்யின் தலைக்கு மேலே, அல்லது வலப்பக்கம் சற்று உயரத்தில், சிறியதாக இருக்கும். ‘யீ’ என்ற சொல்லில் இரண்டு எழுத்துகளும் ஒரே வரிமட்டத்தில் நிற்கும். 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தின் முதல் பதிப்பு இதற்கு அருமையான பயிற்சிக் களம். அதில் யோபு 1:9, ரோமர் 15:29 போன்ற இடங்களில் ‘தி’ என்பதற்கு ஒய்யின் மேல் சின்ன இ ஏறியிருக்கிறது. அதே புத்தகத்தில் ‘நீங்கள்’ என்ற பொருளில் வரும் ‘யீ’ நூற்றுக்கணக்கான இடங்களில் சமமட்டத்தில் இருக்கிறது. முதல் பதிப்பின் பக்கப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இந்த இரண்டு வசனங்களையும் திறந்து, அருகிலேயே சமமட்டத்து ‘யீ’ ஒன்றைத் தேடி, இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். கண் ஒரே மாலையில் பழகிவிடும்.

அச்சில் இந்த அடையாளத்தை நம்பலாம். கையெழுத்தில் முழுக்க நம்ப முடியாது. அவசரமாக எழுதியவர் இ-யை ஏற்றாமல் விட்டிருப்பார். பின்னால் அச்சிட்ட பதிப்பாளர் மேலெழுத்தை எல்லாம் கீழே இறக்கியிருப்பார். அப்போது இலக்கணத்தைக் கேட்க வேண்டும்.

ஒய்-இக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல்லோ, பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் பெயரடையோ வந்தால் அது பெரும்பாலும் ‘தி’. கப்பல், கோட்டை, மாட்சிமை பொருந்திய கம்பெனி, கடந்த மாதம் என்று தொடர்ந்தால் தயங்கவே வேண்டாம். வினைச்சொல் வந்தால் ‘யீ’. ‘அறிவீர்’, ‘செய்வீர்’, ‘இருக்கிறீர்’ என்று தமிழில் சொல்லக்கூடிய இடமா என்று சோதியுங்கள்.

யோவான் 8:32 நல்ல எடுத்துக்காட்டு. ‘நீங்கள் சத்தியத்தை அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்’ என்ற கருத்துள்ள வசனம். ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில் முதலில் வரும் ‘நீங்கள்’ என்பதற்கு ‘யீ’, பின்னால் வரும் ‘உங்களை’ என்பதற்கு ‘யூ’. நீங்கள், உங்களை என்று எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உருவம் மாறும் வழக்கம் நமக்கு இயல்பு. அன்றைய ஆங்கிலத்திலும் அந்த வேறுபாடு இருந்தது. இன்றைய ஆங்கிலம்தான் இரண்டையும் ‘யூ’ ஆக்கிவிட்டது. ஆகவே ஒரு ஒய்-இ, வாக்கியத்தின் எழுவாய் இடத்தில் வினைச்சொல்லோடு ஒட்டி நின்றால் அது ‘நீவிர்’.

விளி வரும் இடங்கள் சற்றுத் தந்திரமானவை. ‘அற்ப விசுவாசிகளே’ என்ற பொருளில் மத்தேயு 8:26இல் வரும் ஒய்-இக்குப் பின்னால் வினையும் இல்லை, பெயரும் இல்லை. ‘ஆஃப்’ என்ற சொல் வருகிறது. ‘தி’ என்ற சொல்லுக்குப் பின் உடனே ‘ஆஃப்’ வராது. ஆகவே இதுவும் ‘யீ’தான். ஏவல் வினைக்குப் பின்னால் ‘கேளுங்கள் நீவிர்’ என்ற முறையில் வருவதும் அப்படியே. நாடகங்களிலும் பிற்காலக் கடிதங்களிலும் ‘உமக்கு’, ‘உம்மை’ என்ற இடத்திலும் ‘யீ’ நுழைந்துவிடும். அங்கே அது வினைக்குப் பின்னால் நிற்கும், அதற்குப் பின் பெரும்பாலும் பெயர்ச்சொல் இராது.

ஒரு சின்ன எச்சரிக்கை: நீதிமன்றச் சேவகர் ‘ஓயே’ என்று மூன்று முறை கூவுவதாக ஆவணங்களில் வரும். அதில் இருப்பது ‘யீ’யும் அல்ல, ‘தி’யும் அல்ல. இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சில் ‘கேளுங்கள்’ என்ற சொல். அதைப் பிரித்துப் பொருள் காண வேண்டாம்.

நான்காம் படி: உறவுச் சுருக்கங்களையும் அவற்றின் பொறிகளையும் கற்றுக்கொள்ளுங்கள்

ஒய்-இ தனியாக வராது. குடும்பத்தோடு வரும். ஒய்யின் தலைமேல் டி ஏறியிருந்தால் ‘தட்’. எம் ஏறியிருந்தால் ‘தெம்’, அதாவது ‘அவர்களை’. என் ஏறியிருந்தால் ‘தென்’ அல்லது ‘தேன்’. அந்தக் காலத்தில் ‘அப்போது’ என்பதற்கும் ‘விட’ என்பதற்கும் எழுத்துக்கூட்டு ஒன்றுபோலவே இருந்தது, சூழல்தான் சொல்லும். எஸ் ஏறியிருந்தால் ‘திஸ்’. இவற்றுக்கெல்லாம் சூத்திரம் ஒன்றே: முதலில் நிற்கும் ஒய் முள், மேலே நிற்பது சொல்லின் கடைசி எழுத்து, நடுவில் உள்ளதை வாசகர் நிரப்பிக்கொள்வார்.

இதே பாணியில் முள் இல்லாத சுருக்கங்களும் உண்டு. டபிள்யூ-சி-எச் என்றால் ‘விச்’. டபிள்யூ-டி-எச் என்றால் ‘வித்’. மதிப்புக்குரிய என்ற பொருள்படும் ‘ஆனரபிள்’ என்பது ஹெச்-ஓ-என்னுக்குப் பின் சின்னதாக பி-எல்-இ ஏறி வரும். நம் பத்திரங்களில் ‘மேற்படி’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதாமல் ௸ என்று ஒரே குறியில் முடித்தார்களே, அந்தத் தேவைதான் இங்கும். காகிதம் விலை உயர்ந்தது, இறகுப் பேனாவை அடிக்கடி மையில் தோய்க்க வேண்டும், கப்பல் நாளைக்குப் புறப்படுகிறது. எழுதியவருக்குச் சுருக்கம் அழகுக்காக அல்ல, நேரத்துக்காக.

இனிப் பொறிகள். இவற்றில்தான் தேர்ந்தவர்களும் விழுகிறார்கள்.

ஒய்யின் தலைமேல் ஆர் ஏறியிருந்தால் அதை முள் என்று எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ‘யுவர்’, அதாவது ‘உங்கள்’. அங்கே ஒய் ஒய்யேதான். கடிதங்களில் இது மிகுதி. ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அவர்களுடைய கடிதம்’ என்று படித்தால் யார் யாருக்கு எழுதினார் என்ற கணக்கே தலைகீழாகிவிடும். ஒய்யின் மேல் யூ ஏறியிருந்தால் ‘யூ’ என்றும் இருக்கலாம், ‘தௌ’, அதாவது ஒருமை ‘நீ’ என்றும் இருக்கலாம். வினைச்சொல்லின் விகுதியைப் பாருங்கள். ஒருமை ‘நீ’ வந்தால் வினை பெரும்பாலும் எஸ்-டி என்ற ஒலியில் முடியும்.

அடுத்த பொறி இன்னும் ஆழமானது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐ என்ற எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒய் எழுதுவது சாதாரணம். ஆகவே அந்தக் காலக் கடிதம் ஒன்றில் சமமட்டத்தில் ஒய்-டி என்று கண்டால் அது ‘தட்’ ஆகாமல் ‘இட்’ ஆகலாம். ஒய்-எஸ் என்பது ‘இஸ்’. ஒய்-என் என்பது ‘இன்’. ஒய்-எஃப் என்பது ‘இஃப்’. ‘ஒய்-டி ஒய்-எஸ்’ என்று அடுத்தடுத்து வந்தால் ‘தட் திஸ்’ அல்ல, ‘இட் இஸ்’. மேலெழுத்தா, சமமட்டமா என்ற வேறுபாட்டை இங்கே உயிர்போல் காக்க வேண்டும். ஆகவே ஆவணத்தின் காலத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1530இல் எழுதிய கடிதத்தையும் 1680இல் எழுதிய பதிவையும் ஒரே கண்ணால் படிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஒரு கல்லை முழுமையாகப் படியுங்கள்

கற்ற அனைத்தையும் ஒரே இடத்தில் சோதிக்க வில்லியம் ஷேக்ஸ்பியரின் கல்லறைக் கல்லைப் போன்ற ஒன்று கிடையாது. 1616இல் இறந்த அவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லில் அவர் பெயர்கூட இல்லை. நான்கு வரிகள் மட்டும். நண்பா, இயேசுவின் பொருட்டு இங்கே மூடியிருக்கும் மண்ணைத் தோண்டாதே. இந்தக் கற்களை விட்டுவைப்பவன் வாழ்க. என் எலும்புகளை நகர்த்துபவன் சபிக்கப்படுக. இதுதான் கருத்து.

கல்லின் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் இயேசுவின் பெயர் ஐ என்ற எழுத்தில் தொடங்குகிறது, ஜே இல்லை. அந்தப் பெயரின் நடுவில் யூ இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கிறது. அக்காலத்தில் ஐயும் ஜேயும் ஒரே எழுத்தின் இரு முகங்கள். யூவும் வியும் அப்படியே. இரண்டாம் வரியில் ‘மண்’ என்ற சொல்லிலும் அதே வி.

இரண்டாம் வரியிலேயே ‘தி’ என்ற சொல் வருகிறது. அங்கே கல்தச்சர் டி-எச்-இ என்று டியும் எச்சும் போட்டே செதுக்கியிருக்கிறார். மூன்றாம் வரிக்கு வாருங்கள். ‘வாழ்க’ என்பதற்குப் பின்னால் ஒய்யும் அதன் தலைமேல் இ-யும், அடுத்து ‘மனிதன்’, அடுத்து ஒய்யும் அதன் தலைமேல் டியும். ‘தி’ மனிதன், ‘தட்’ விட்டுவைக்கிறானோ அவன். நான்காம் வரியில் மறுபடியும் அதே ஒய்-டி.

ஒரே கல், ஒரே உளி, அடுத்தடுத்த வரிகள். ‘தி’ என்ற ஒரே சொல் ஒரு வரியில் டி-எச்-இ ஆகவும் அடுத்த வரியில் ஒய்-இ ஆகவும் இருக்கிறது. ஒய்-இ என்பது வேறு உச்சரிப்பு உள்ள வேறு சொல் என்று யாராவது வாதிட்டால் இந்தக் கல்லைக் காட்டுங்கள். மூன்றாம் வரியிலேயே ‘இந்த’ என்ற பொருள்படும் ‘தீஸ்’ டி-எச்சோடுதான் இருக்கிறது. சுருக்கம் பழகிய இரண்டு சொற்களுக்கு மட்டும் சுருக்கம். மற்றவற்றுக்கு முழு எழுத்து.

ஆறாம் படி: ஓடும் கையெழுத்துக்குப் போங்கள்

கல்லுக்குப் பிறகு கடிதம். ஐசக் நியூட்டனின் கையெழுத்துகள் ஒய்-இயாலும் ஒய்-டியாலும் நிறைந்தவை. சக அறிவியலாளர் ராபர்ட் ஹூக்குக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், ‘நான் இன்னும் தொலைவு பார்த்திருந்தால் அது ராட்சதர்களின் தோள்மேல் நின்றதால்’ என்ற வரி இருக்கிறதே, அதில் ‘தோள்’ என்பதற்கு முன்னால் நிற்பது ஒய்-இதான். ‘ஷோல்டர்ஸ்’ என்பதில் யூவும் இல்லை. நியூட்டன் பழைமையாக எழுத வேண்டும் என்று எண்ணியவர் அல்லர். தன் காலத்து ஆள் எழுதியபடி எழுதினார்.

அந்தக் கடிதத்தின் தேதியையும் கவனியுங்கள். பிப்ரவரி 5, 1675/6 என்று இரட்டை ஆண்டு குறிப்பிடுவார்கள். இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி எதைக் கண்டாலும் அது நம் கணக்கில் அடுத்த ஆண்டாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தைச் சரியாகப் படித்துவிட்டு ஆண்டைத் தவறவிடுவது வருத்தமான இழப்பு.

இனி ஒரு பயிற்சி வாக்கியம். இது ஆவணத்திலிருந்து எடுத்தது அல்ல. பயிற்சிக்காக நானே அமைத்தது. ‘ஒய்-இ கவர்னர் ஆஃப் ஒய்-இ ஃபோர்ட் டோல்டு ஒய்-எம் ஒய்-டி ஒய்-ஆர் லெட்டர், டபிள்யூ-சி-எச் கேம் பை ஒய்-இ ஷிப், வாஸ் ரிசீவ்டு.’ மேலே தந்த விதிகளை மட்டும் வைத்துப் படியுங்கள். கோட்டையின் கவர்னர் அவர்களிடம் சொன்னார், என்ன சொன்னார்? கப்பலில் வந்த உங்கள் கடிதம் கிடைத்தது என்று. ஒய்-எம் முள், ஒய்-டி முள், ஒய்-ஆர் முள் அல்ல. ஐந்தாறு வாக்கியங்களை இப்படி நீங்களே அமைத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு படித்தால் போதும். பதிவேட்டின் முன் உட்காரலாம்.

ஏழாம் படி: படியெடுக்கும் முறையை முதலிலேயே தீர்மானியுங்கள்

படித்ததை எழுதி வைக்கும்போது மூன்று வழிகள் உண்டு. மூலத்தில் உள்ளபடியே ஒய்யும் மேலெழுத்து இ-யுமாக எழுதுவது ஒன்று. டி-எச்-இ என்று விரித்து, நீங்கள் சேர்த்த எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் காட்டுவது இன்னொன்று. எல்லாவற்றையும் இன்றைய எழுத்துக்கூட்டுக்கு மாற்றிவிடுவது மூன்றாவது.

என் கருத்தில் ஆய்வுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் இரண்டாவது வழியே சிறந்தது. ஒய்யை ஒய்யாகவே விட்டு, மேலெழுத்தைக் கீழே இறக்கி, வெறும் ஒய்-இ என்று தட்டச்சு செய்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அது மூலத்துக்கும் உண்மையாக இல்லை, வாசகருக்கும் உதவவில்லை. மூலத்தில் இருந்த அடையாளத்தை அழித்துவிட்டு, அடுத்து வருபவரை ‘யீ’ என்று படிக்க வைக்கும் நேர்வழி அது. முதல் பக்கத்தில் உங்கள் முறையை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு கடைசிப் பக்கம் வரை மாற்றாதீர்கள்.

எட்டாம் படி: கணினியில் தேடும்போது

மின்னாக்கம் செய்த பழைய நூல்களில் எழுத்துணரி மென்பொருள் மேலெழுத்தைக் கண்டு திணறும். ஒய்க்குப் பின் ஒரு இடைவெளி, அப்புறம் இ. அல்லது ஒய்க்குப் பின் நட்சத்திரக் குறி, மேற்கோள் குறி, கூரைக் குறி என்று பலவாறு பதிவு செய்திருக்கும். ஆகவே ஒரு தொடரைத் தேடும்போது ‘தி’யைத் தவிர்த்துவிட்டு, அதன் இருபுறமும் உள்ள பெயர்ச்சொற்களை மட்டும் தேடுங்கள். எஃப் போலவே தெரியும் நீண்ட எஸ் என்ற பழைய வடிவத்தை அதே மென்பொருள் எஃப் என்று பதிவு செய்திருக்கும். எஸ் உள்ள சொற்களை எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

ஒன்பதாம் படி: கடைப் பலகையை ஆவணத்தோடு குழப்பாதீர்கள்

லண்டனில் ஃபிளீட் தெருவில் உள்ள பழைய மதுக்கடையின் பலகையில் ‘யீ ஓல்ட்’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடம் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்டது. ஆனால் பழைமையைக் காட்ட ஒய்-இயைப் பெயரின் தலையில் சூட்டும் வழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் முள் என்ற எழுத்தை மக்கள் மறந்துவிட்டிருந்தார்கள். எழுத்தைப் பார்த்தபடி ‘யீ’ என்றார்கள். இன்று அது ஒரு கடைப் பெயராக நிலைத்துவிட்டது. அதை அப்படிச் சொல்வதில் குற்றமில்லை.

‘ஓல்ட்’ என்ற சொல்லின் முடிவில் அவர்கள் சேர்த்த இ-யைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் உண்மை ஒன்று இருக்கிறது. 1400ஆம் ஆண்டு வரை வாழ்ந்த கவிஞர் சாசரின் ஆங்கிலத்தில், ‘தி’க்குப் பின்னால் வரும் பெயரடை இ என்ற விகுதி பெற்று, அந்த இ ஒலிக்கவும் செய்தது. ‘ஓல்டெ’ என்று சொன்னார்கள். பலகை எழுதியவர் அறியாமலே ஒரு பழைய இலக்கண விதியைத் தொட்டுவிட்டார்.

பத்தாம் படி: சென்னையிலேயே தொடங்குங்கள்

1639இல் கிடைத்த அனுமதியோடு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கால் வைத்த நாளிலிருந்து அதன் எழுத்தர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவும் கொண்ட அந்த ஏடுகள் பிற்காலத்தில் அச்சாகியிருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இவற்றின் வீடு. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், எலிஹு யேல் ஆகிய கவர்னர்கள் காலத்துத் தொகுதி ஒன்றை எடுத்து, முதல் நாளில் ஒரே ஒரு பக்கம் மட்டும் படியுங்கள். ஒய்-இ ஒவ்வொன்றையும் பென்சிலால் உங்கள் தாளில் குறித்து, பக்கத்தில் ‘தி’யா ‘யீ’யா என்று எழுதுங்கள். கணக்குப் பதிவிலும் கூட்டப் பதிவிலும் ‘யீ’ அநேகமாக வராது. நெசவாளர்கள், துபாஷிகள், வணிகர்கள் என்று நம் முன்னோர்களின் வழக்குகள் அந்த வரிகளுக்குள் கிடக்கின்றன. சொல்லை மாற்றிப் படித்தால் அவர்கள் சொன்னதும் மாறிவிடும்.

ஏட்டிலிருந்து கல்லுக்குப் போக விரும்பினால் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். 1680 அக்டோபர் 28இல் திறந்து அர்ப்பணிக்கப்பட்டது. பழைய இடுகாடு அப்போது கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமாக இருந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அங்கிருந்த கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பின்னர் கற்களைப் பெயர்த்துத் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டார்கள். இலத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம், ஆங்கிலம் என்று பல மொழிக் கற்கள் கலந்து கிடக்கும். ஆங்கிலக் கற்களில் 17, 18ஆம் நூற்றாண்டுத் தேதி உள்ளவற்றை முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக்கு அடையாள அட்டை கொண்டுபோங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கோ மாலை நான்கு மணிக்கு மேலோ வெயில் சாய்ந்து விழும்போது செதுக்கல் நிழல் கட்டி எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. கல்லின் மேல் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், தூரிகை போட்டுச் சுரண்டாதீர்கள். தேய்ந்த கல்லாக இருந்தால் தரையோடு ஒட்டக் குனிந்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒய்யின் தலைக்கு மேலே பாருங்கள். அங்கே ஒரு சின்ன வளைவு தெரிந்தால் அது இ. அடுத்த சொல்லைப் படித்துவிட்டு உங்கள் தாளில் டி-எச்-இ என்று எழுதிக்கொள்ளலாம்.